குழந்தைக்கு சென்ட்ரல் லைன்: போடும் முன்பிருந்து எடுக்கும் வரை என்னென்ன கோளாறு வரும், எப்படிச் சமாளிப்பது

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு (பிஐசியு) புதிதாக வரும் பிஜிக்கள், அதாவது மேற்படிப்பு மருத்துவர்கள், முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "சார், ஒரு ஜுகுலார் போட எப்போ கொடுப்பீங்க?" ஜுகுலார் என்பது கழுத்துச் சிரை; அது மாதிரிப் பெரிய சிரை வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை செலுத்தும் மெல்லிய குழாய்தான் சென்ட்ரல் லைன். அந்த லைனை அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த நாள் எடுப்போம் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்; ஊசி ஏறி சிரிஞ்சுக்குள் ரத்தம் வரும் அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லாம் என்று நினைத்திருந்தேன். அந்த நொடி முக்கியம்தான், ஆனால் லைனால் குழந்தைகள் படும் பாட்டில் பெரிய பங்கு கிருமித் தொற்றும் ரத்தக்கட்டும். அவை இரண்டும் நாம் கிளவுஸைக் கழற்றிவிட்டுப் போன பிறகு, அடுத்தடுத்த நாட்களில் மெதுவாக வருபவை.

இது பிஜிக்களுக்கும் பிஐசியு நர்ஸ்களுக்குமாக எழுதியது. பெற்றோர் படித்தாலும் பெரும்பாலும் புரியும். இதைப் படித்த தைரியத்தில் தனியாகப் போய் லைன் போட முயலாதீர்கள், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நிற்கட்டும்.

படி 1: லைன் உண்மையிலேயே வேண்டுமா?

போடாத லைனில் கோளாறு வராது. இதை நான் ரவுண்ட்ஸில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துப்போயிருக்கும், இருந்தாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாட்கணக்கில் ஓட வேண்டிய இனோட்ரோப் (இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து), 12.5 சதவீதத்துக்கு மேல் டெக்ஸ்ட்ரோஸ் உள்ள சிரைவழி ஊட்டம், டயாலிசிஸ், கீமோ, கையிலும் காலிலும் ஒரு சிரைகூடக் கிடைக்காத நிலைமை: இவையெல்லாம் நியாயமான காரணங்கள். "ஐசியு கேஸ்தானே, ஒன்று இருக்கட்டுமே" என்பது காரணமே இல்லை.

ஷாக்கில் வரும் குழந்தைக்கு உடனே அட்ரினலின் தேவைப்பட்டால், கை கால் சிரையில் நல்ல ஒரு பெரிஃபெரல் லைனிலோ எலும்புக்குள் போடும் ஊசியிலோ தொடங்கிவிட்டு, நிதானமாக சென்ட்ரல் லைனுக்கு ஏற்பாடு செய்யலாம். குழந்தைகளின் செப்சிஸுக்கான 2020 சர்வதேச வழிகாட்டுதலும், சென்ட்ரல் லைன் உடனே கிடைக்காத இடத்தில் பெரிஃபெரலில் தொடங்குவதை ஏற்கிறது. ரத்த அழுத்தம் 50-இல் கிடக்கும் குழந்தைக்கு அவசரம் அவசரமாகக் கழுத்தில் குத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு நோய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, சர்க்கரை கீட்டோஅசிடோசிஸ். அந்தக் குழந்தைகள் வறண்டுபோய் வருவார்கள், ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். அவர்களுக்குத் தொடையில் ஃபெமோரல் லைன் போட்டால் ரத்தம் கட்டும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல், அதனால் முடிந்தவரை இரண்டு நல்ல பெரிஃபெரல் லைனோடு ஓட்டுங்கள். இன்னொன்று, மழைக்காலம் முடிந்ததும் நம் வார்டுகளை நிரப்பும் டெங்கு. பிளேட்லெட் 20,000-இல் நிற்கும், மார்பில் ஏற்கெனவே நீர் கோத்திருக்கும். அந்தக் குழந்தைக்குக் காரை எலும்புக்கடியில் உள்ள சப்கிளேவியன் சிரையில் குத்தி, தமனியில் பட்டுவிட்டால், எலும்புக்குக் கீழே கைவைத்து அழுத்தக்கூட இடம் கிடையாது. பெரும்பாலான டெங்கு ஷாக் குழந்தைகளை சென்ட்ரல் லைன் இல்லாமலே காப்பாற்றிவிடலாம்.

படி 2: கிளவுஸ் போடுவதற்கு முன்னால்

முதலில் அல்ட்ராசவுண்ட் புரோபை எடுத்து சும்மா ஒரு தடவை பாருங்கள். கழுத்து இரண்டு பக்கம், தொடை இரண்டு பக்கம். முன்பு எங்கேயோ லைன் போட்டிருந்த குழந்தையென்றால் அந்தச் சிரை அடைபட்டிருக்கலாம். அழுத்தினால் அமுங்க வேண்டும், அமுங்காவிட்டால் உள்ளே கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடு, மார்பில் விரிந்து தெரியும் சிரைகள் இவற்றையும் கவனியுங்கள். டயாலிசிஸுக்குப் போகப்போகும் சிறுநீரகக் குழந்தை என்றால் சப்கிளேவியனையும் கைச் சிரை வழியாக இதயத்தின் பக்கம் வரை போகும் பிக் லைனையும் மறந்துவிடுங்கள். பிற்காலத்தில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட அந்தச் சிரைகள்தான் அவனுக்கு வேண்டும்.

அடுத்து அளவு. மூன்று ஃபிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர் விட்டம். சிரையின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத லைனாக எடுக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு. சிரை 3 மில்லிமீட்டர் இருந்தால் 3 ஃபிரெஞ்ச். அதே சிரைக்குள் 5 ஃபிரெஞ்ச் போட்டால் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் ரத்தம் ஓட வழியில்லாமல் கட்டிப்போகும். லூமன், அதாவது லைனுக்குள் இருக்கும் தனித்தனிக் குழல், எத்தனை என்பதும் இதே கதைதான், தேவைக்கு மேல் ஒரு லூமன் இருந்தால் கிருமி நுழைய ஒரு வாசல் கூடுதல்.

எவ்வளவு ஆழம் என்பதையும் இப்போதே கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வலது ஜுகுலாருக்கு எளிய சூத்திரம் இருக்கிறது: உயரம் 100 சென்டிமீட்டர் வரை என்றால் உயரத்தைப் பத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள், அதற்கு மேல் என்றால் இரண்டைக் கழியுங்கள். 75 சென்டிமீட்டர் குழந்தைக்கு ஆறரை, 110 சென்டிமீட்டர் குழந்தைக்கு ஒன்பது. ஊசி எங்கே ஏறுகிறது என்பதைப் பொறுத்து கொஞ்சம் மாறும், எக்ஸ்ரே பார்க்காமல் இதை மட்டும் நம்பக்கூடாது.

ரத்தம் உறையும் தன்மை. பல யூனிட்டுகளில் பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருக்கட்டும் என்பார்கள். எனக்கு எண்ணைவிட இடமும் கையும் முக்கியம்: குறைந்த பிளேட்லெட்டோடு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஜுகுலாரிலோ தொடையிலோ அனுபவமுள்ளவர் ஒரே குத்தில் போடலாம், சப்கிளேவியன் மட்டும் வேண்டாம்.

இப்போது புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம். லைன் போடும் நேரத்தில் குழந்தை சரிவதற்குப் பல நேரம் ஊசி காரணமாக இருக்காது. பச்சைத் துணிக்குள் முகம் மறைந்திருக்கும், கழுத்தைத் திருப்பியதில் மூச்சுக்குழாய் டியூப் ஒரு சென்டிமீட்டர் மேலே வந்திருக்கும் அல்லது வலது பக்கம் இறங்கியிருக்கும், மயக்க மருந்தில் மூச்சு குறைந்திருக்கும், பச்சிளங்குழந்தையென்றால் உடம்பு குளிர்ந்திருக்கும். நீங்களோ திரையில் சிரையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே மானிட்டரையும் மூச்சையும் மட்டும் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள், அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். மானிட்டர் பீப் சத்தத்தையும் அணைக்க வேண்டாம்.

படி 3: எந்த இடம்?

வலது ஜுகுலார் நேராக மேற்பெருஞ்சிரைக்குள் இறங்கும், அழுத்தவும் முடியும், அதனால் என் முதல் தேர்வு அதுதான். இடது பக்கம் நிணநீர்க் குழாய் இருக்கிறது, லைன் வளைந்து போக வேண்டும், முனை சிரைச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும் அபாயமும் உண்டு. சப்கிளேவியன் பெரிய பிள்ளைகளுக்கு வசதி, டிரஸ்ஸிங்கும் நன்றாக நிற்கும், ஆனால் நுரையீரல் உறை குத்துப்படும் அபாயம் அங்கேதான் அதிகம். கைக்குழந்தைகளில் காரை எலும்புக்கு மேலிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்து பிராக்கியோசெஃபாலிக் சிரையில் போடும் முறை இப்போது பரவிவருகிறது, கற்றுக்கொள்ள வேண்டியது.

ஃபெமோரல் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களில் தொற்று அதிகம் என்று அதைத் தவிர்ப்பார்கள். குழந்தைகளில் தொற்று விஷயத்தில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை, ரத்தக்கட்டுதான் கவலை. அவசரத்தில், சிபிஆர் நடந்துகொண்டிருக்கும்போது, தலைமாட்டில் கூட்டம் இருக்கும்போது, தொடை நல்ல இடம்தான். இன்னொன்று: குழந்தை காலை மடக்கி நீட்டும்போது குட்டையான லைனின் மேல் லூமன் துளை சிரைக்கு வெளியே வந்துவிடும், அந்த லூமனில் ஓடும் மருந்து தோலுக்கடியில் போய்ச் சதையை அரிக்கும். அதனால் தொடைக்கு நீளமான லைன் எடுங்கள்.

படி 4: ஊசி

குழந்தைகளில் ஜுகுலார் லைனை அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுங்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002-லேயே பரிந்துரைத்துவிட்டது. மெஷின் இல்லை என்று சொல்லும் காலம் போய், மெஷின் மூலையில் இருக்க, பழக்க தோஷத்தில் விரலால் தடவிக் குத்துபவர்களைத்தான் இப்போது பார்க்கிறேன்.

தோள்பட்டைக்குக் கீழே சின்னத் துணிச் சுருள். தலை 15 முதல் 20 டிகிரி கீழே. கழுத்தை ரொம்பத் திருப்பாதீர்கள். திருப்பத் திருப்பச் சிரை தமனியின் மேல் ஏறிக்கொள்ளும், ஊசி சிரையைத் தாண்டினால் நேரே கரோட்டிட் தமனிதான். கைக்குழந்தையின் சிரை புரோபின் எடையிலேயே அமுங்கிவிடும், புரோபைத் தோலில் பட்டும் படாமல் பிடியுங்கள். உதவிக்கு நிற்பவர் கல்லீரலை மெதுவாக அழுத்தினால் சிரை கொஞ்சம் உப்பும். திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசியின் முனைதானா, நடுப்பகுதியா என்பதில் சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு புரோபைச் சாய்த்து முனையைத் தேடுங்கள். சிறு குழந்தைகளில் ஊசி இரண்டு சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டு, மெதுவாகப் பின்னால் இழுக்கும்போதுதான் ரத்தம் வரும். அதனால் சிரிஞ்சை லேசாக உறிஞ்சிக்கொண்டே நிதானமாக வெளியே வாருங்கள்.

மூன்று தடவை குத்தியும் கிடைக்காவிட்டால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. குத்துகள் கூடக் கூடத்தான் ரத்தக்கட்டியும் நுரையீரல் ஓட்டையும் வருகின்றன.

தமனிக்குள் போய்விட்டால் ரத்தம் சிவப்பாகப் பீறிடும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். பல வருடம் முன்பு ஒரு இரவில், ஷாக்கில் இருந்த ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போட்டபோது வந்த ரத்தம் கறுப்பாக, துடிப்பே இல்லாமல் சொட்டியது. சிரைதான் என்று, லைனுக்கு வழிகாட்டும் கைடுவயரையும் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் நர்ஸ், "சார், ஒரு தடவை பிரஷர் பார்த்துடலாமே" என்றார். பார்த்தால் கரோட்டிட். வழியை விரிக்கும் டைலேட்டர் போடுவதற்கு முன்பு என்பதால் தப்பித்தோம். ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் குறைந்த குழந்தையில் தமனி ரத்தம் சிரை ரத்தம் மாதிரியே வேஷம் போடும். அன்றிலிருந்து நான் நிறத்தை நம்புவதில்லை. ஊசியிலோ சின்ன கேனுலாவிலோ ஸ்டெரைல் எக்ஸ்டென்ஷன் டியூபை மாட்டி, ரத்தத்தால் நிரப்பி, உயரத் தூக்கிப் பிடியுங்கள்: சிரையென்றால் மட்டம் கீழே இறங்கும், தமனியென்றால் மேலே ஏறும், துடிக்கவும் செய்யும். அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசர் இருந்தால் இன்னும் நல்லது. வயர் உள்ளே போன பிறகு, அது சிரைக்குள் இருப்பதை அல்ட்ராசவுண்டில் நீளவாக்கில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெறும் ஊசிதான் தமனியில் பட்டது என்றால் எடுத்துவிட்டு, ஐந்திலிருந்து பத்து நிமிடம் அசையாமல் அழுத்துங்கள். இடையில் எட்டிப் பார்க்க வேண்டாம். ஆனால் டைலேட்டரோ லைனோ தமனிக்குள் ஏறிவிட்டது என்றால் பதற்றத்தில் உருவிவிடாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு ரத்தநாள அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தத் துளை கழுத்தை அழுத்துவதால் அடைபடாது, உருவினால் உள்ளே வீங்கி மூச்சுக்குழாயையே நெரித்துவிடும்.

படி 5: கைடுவயர்

ஊசி வழியாக வயர், வயர் மேல் லைன் என்ற இந்த முறையை ஸ்வீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்டார். அவர் ரேடியாலஜிஸ்ட், தமனிக்குள் படம் எடுக்கத்தான் யோசித்தார். இன்று சென்ட்ரல் லைனில் தொடங்கி மார்பு டியூப் வரை அவர் வழிதான்.

வயரில் மூன்று தவறுகள் நடக்கும். முதலாவது, ஆழமாகத் தள்ளிவிடுவது. இதயத்தின் வலது மேல் அறையான ஏட்ரியத்தைத் தொட்டதும் மானிட்டரில் எக்டோபிக் (முறை தவறிய) துடிப்பு வரும். இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், நிற்காவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் துடிப்பைக் கவனியுங்கள். ஐந்து கிலோக் குழந்தையின் கழுத்திலிருந்து இதயம் எவ்வளவு தூரம் என்று வயரை மார்பின் மேல் வைத்து முதலிலேயே அளந்து பார்த்தால் இந்தத் தவறே வராது.

இரண்டாவது, தடை வரும்போது பலம் காட்டுவது. வயர் வெண்ணெயில் போவது போலப் போக வேண்டும். இடித்தால், ஊசிக்குள்ளிருந்து வயரை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். ஊசியின் கூர்முனை வயரைச் சீவிவிடும், துண்டு உள்ளேயே தங்கும். ஊசி வயர் இரண்டையும் சேர்த்து வெளியே எடுங்கள்.

மூன்றாவது, வயரை உள்ளேயே விட்டுவிடுவது. கேட்டால் சிரிப்பாக இருக்கும், இப்படிக்கூட நடக்குமா என்று. நடு இரவில், அலாரம் அடித்துக்கொண்டிருக்க, யாரோ ஏதோ கேட்க, லைனைத் தள்ளும்போது வயரின் வால் பின் லூமனில் வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்காமல் தள்ளினால் வயரும் சேர்ந்து உள்ளே போய்விடும். விதி ஒன்றுதான்: வயரின் ஒரு நுனி எப்போதும் உங்கள் விரலில் இருக்க வேண்டும். எடுத்ததும் "வயர் வெளியே" என்று சத்தமாகச் சொல்லுங்கள், நர்ஸ் அதைக் கண்ணால் பார்த்துக் குறிப்பில் எழுதட்டும்.

படி 6: டைலேட்டர்

இந்தப் பெட்டியில் உள்ள பொருட்களிலேயே எனக்குப் பயமான பொருள் இதுதான். விறைப்பானது, கூரானது, பெரியவர்களின் செட்டில் வருவது குழந்தையின் கழுத்தைவிட நீளமாகக்கூட இருக்கும். இதன் வேலை தோலையும் அடியில் உள்ள திசுவையும் விரித்து, சிரையின் வாசல் வரை வழி செய்வது மட்டுமே. அடிவரை தள்ளினால் மேற்பெருஞ்சிரையையோ ஏட்ரியத்தையோ கிழித்துக்கொண்டு போகும், மார்புக்குள் ரத்தம் கொட்டும். அல்ட்ராசவுண்டில் தோலிலிருந்து சிரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதற்குக் கொஞ்சம் மேல் போனால் போதும். தோலில் சின்னக் கீறல், டைலேட்டரை நுனிக்குப் பக்கத்தில் பிடித்து, திருகித் திருகி, ஊசி போன அதே கோணத்தில். இடையில் வயரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் அசைந்தால் டைலேட்டர் வயரோடு நேராகப் போகிறது, சிக்கினால் வயர் மடங்கிவிட்டது.

லைன் உள்ளே போனதும் எல்லா லூமனிலும் ரத்தம் உறிஞ்சி, சலைன் தள்ளி, கிளாம்ப் போடுங்கள். திறந்த ஹப்பை (லைனின் வெளி வாய்) விரலால்கூட மூடாமல் விடக்கூடாது. அழும் குழந்தை ஆழமாக மூச்சிழுக்கும் ஒரு நொடி போதும், காற்று உள்ளே போய்விடும். பிறவியிலேயே இதயச் சுவரில் துளை உள்ள குழந்தைகளில் அந்தக் குமிழி நேரே மூளைக்கும் போகலாம்.

படி 7: முதல் சில மணி நேரம்

எக்ஸ்ரே எடுத்ததும் "லைன் ஓகே" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகராதீர்கள். நுரையீரல் ஓரம் முழுக்கத் தெரிகிறதா, லைன் வளையாமல் போகிறதா, முனை எங்கே, மூச்சுக்குழாய் டியூப் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முனை மேற்பெருஞ்சிரையும் வலது ஏட்ரியமும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலேயே முனை நின்றால் அது இதய உறைக்கு வெளியே இருக்கிறது என்று நம்பலாம். லைன் இடது பக்கமாகவே நேரே கீழே இறங்கினால் இடது மேற்பெருஞ்சிரை மறையாமல் இருக்கும் குழந்தையாக இருக்கலாம், தமனிக்குள் இருக்கவும் வாய்ப்புண்டு. பிரஷர் பார்த்து, எக்கோ எடுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். இடது தொடையில் போட்ட லைன் முதுகெலும்பின் இடது பக்கத்தை ஒட்டியே மேலே ஏறினால் அது லம்பார் சிரைக்குள் போயிருக்கக்கூடும். அதில் ஊட்டத் திரவம் ஓடினால் தண்டுவடமே பாதிக்கப்படும். பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

வென்டிலேட்டரில் உள்ள குழந்தை லைன் போட்டபின் ஆக்சிஜன் இறங்கி, ரத்த அழுத்தமும் விழுந்தால், எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காதீர்கள். டியூப் இடத்தில் இருக்கிறதா, அடைப்பா என்று பார்த்துக்கொண்டே அல்ட்ராசவுண்டில் நுரையீரல் உறை நழுவுகிறதா என்று பாருங்கள். அழுத்தம் ஏறிய நியூமோதோராக்ஸ் (நுரையீரல் உறைக்குள் காற்று) என்றால் ஊசி போட்டு காற்றை வெளியேற்றி, அப்புறம் மார்பு டியூப்.

காற்று ஏறியது என்று சந்தேகம் வந்தால் லைனைக் கிளாம்ப் செய்து, குழந்தையை இடது பக்கம் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, லைன் வழியாகவே காற்றை உறிஞ்சப் பாருங்கள்.

இதய உறைக்குள் திரவம் கோப்பது எல்லாவற்றிலும் கொடியது, காரணம் அது லைன் போட்ட அன்றே வர வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் சென்ட்ரல் லைனால் இதய உறையில் திரவம் கோத்து நான்கு பச்சிளங்குழந்தைகள் இறந்ததை அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஆராய்ந்து 2001-இல் அறிக்கை வெளியிட்டது. முனை இதயத்துக்குள் இருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் பிறகு பரவலானது. மெல்லிய லைனின் முனை ஏட்ரியச் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும், செறிவான ஊட்டத் திரவம் அந்த இடத்தை அரித்து, ஒரு நாள் உறைக்குள் கசியும். பிக் லைனில் ஊட்டம் ஓடிக்கொண்டிருக்கும், நன்றாக இருந்த ஒரு குறைமாதக் குழந்தை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று வெளிறி, இதயத் துடிப்பு இறங்கி, சிபிஆருக்கும் மசியாமல் கிடந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தை நிறுத்துங்கள், லைனை எடுக்காமல் அதன் வழியாகவே உறிஞ்சிப் பாருங்கள், சில நேரம் வெள்ளையான ஊட்டத் திரவமே திரும்பி வரும். எக்கோ பார்த்து இதய உறையில் ஊசி போட்டு எடுப்பது அடுத்தது. இந்தக் குழந்தைகளில் கையை மடக்கினால் லைன் உள்ளே போகும், நீட்டினால் வெளியே வரும். ஆகவே எக்ஸ்ரே எடுக்கும்போது கை எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

நரம்புக் காயமும் உண்டு. ஒரு பக்கக் கண் இமை இறங்கி, கண்மணி சுருங்கினால் கழுத்தின் சிம்பதெடிக் நரம்பில் பட்டிருக்கிறது. உதரவிதானம் ஒரு பக்கம் மேலேறியிருந்தால் அதை இயக்கும் ஃபிரெனிக் நரம்பில். பல குழந்தைகளுக்கு நாளாவட்டத்தில் சரியாகும்.

படி 8: தினசரிப் பராமரிப்பு

2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியுக்களில் பீட்டர் புரோனவோஸ்ட் குழுவினர் ஐந்து எளிய பழக்கங்களைக் கொண்டு லைன் தொற்றை வெகுவாகக் குறைத்ததைக் காட்டினார்கள்: கை கழுவுதல், முழு உடல் மறைப்பு, க்ளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி, தொடையைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்தல். பெரும்பாலும் லைன் போடும் நேரத்துக்கான பழக்கங்கள், பெரும்பாலும் பெரியவர்கள். அதே வேலையைக் குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது கதை மாறியது. 29 குழந்தைகள் ஐசியுக்களில் நடந்து 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆயிரம் லைன் நாட்களுக்கு 5.4 ஆக இருந்த தொற்று 3.1-க்கு இறங்கியது, அதாவது 43 சதவீதம் குறைவு. ஆனால் போடும்போது காட்டிய சுத்தம் மட்டும் அதற்குப் போதவில்லை. தினமும் லைனைக் கையாளும் விதம்தான் முக்கியக் காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. குழந்தையின் லைனை ஒரு நாளில் எத்தனை தடவை திறக்கிறோம்? ஆன்டிபயாடிக், அரை மில்லி ஃப்ளஷ், ரத்த கேஸ், பொட்டாசியம், மறுபடி ரத்த கேஸ். ஒவ்வொரு தடவையும் ஹப் ஒரு வாசல். ஆல்கஹாலோ க்ளோர்ஹெக்ஸிடினோ நனைத்த துணியால் ஹப்பை 15 விநாடி தேயுங்கள், ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு விடுவது தேய்ப்பு ஆகாது. அப்புறம் காய விடுங்கள். ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் எடுத்தாலே திறக்கும் தடவை பாதியாகக் குறையும், இதற்கு மருந்தும் வேண்டாம் மெஷினும் வேண்டாம்.

ஒளிபுகும் டிரஸ்ஸிங்கை ஏழு நாளுக்கு ஒரு தடவை, காஸ் டிரஸ்ஸிங்கை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். நனைந்தாலோ, ஓரம் கிளம்பினாலோ, ரத்தம் படிந்தாலோ உடனே. எச்சில் வழியும் கைக்குழந்தையின் கழுத்து டிரஸ்ஸிங் ஏழு நாள் தாங்காது, அதற்கு அட்டவணை பார்க்காதீர்கள். க்ளோர்ஹெக்ஸிடினைத் தோலில் போட்டபின் முழுக்கக் காய வேண்டும், தொடை மடிப்பில் இன்னும் நேரமெடுக்கும். இரண்டு மாதத்துக்குக் கீழே, முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளில், அது தோலைப் பொசுக்கிவிடும். முதுகுக்கடியில் தேங்க விடாதீர்கள், உங்கள் யூனிட்டின் பச்சிளங்குழந்தை நெறிமுறைப்படி போங்கள். ரத்தமும் கொழுப்புத் திரவமும் ஓடிய டியூபை 24 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். மற்ற டியூபுகளை 96 மணி நேரத்துக்கு முன்னால் மாற்றத் தேவையில்லை, ஏழு நாளைத் தாண்டவும் கூடாது.

காய்ச்சல் வந்தால் லைனிலிருந்தும் வெளிச் சிரையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ரத்தம் எடுத்து கல்ச்சர் அனுப்புங்கள். லைன் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக வளர்ந்தால் குற்றவாளி லைன்தான். ஸ்டாஃப் ஆரியஸ், கேண்டிடா, ஷாக், தோலடிப் பாதையில் சீழ்: இவற்றில் எது இருந்தாலும் லைனை எடுத்துவிடுங்கள். நீண்டநாள் லைன் வைத்த கேன்சர் குழந்தையில், தோலில் வாழும் சாதுவான ஸ்டாஃப் வகை என்றால், ஆன்டிபயாடிக் லாக் போட்டு (மருந்தை லைனுக்குள்ளேயே நிரப்பி வைத்து) லைனைக் காப்பாற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

படி 9: அடைப்பும் ரத்தக்கட்டும்

லைனில் ரத்தம் வரவில்லை என்றதும் இரண்டு மில்லி சிரிஞ்சை மாட்டி அழுத்துவது எல்லா வார்டிலும் நடக்கிறது. சிரிஞ்ச் சின்னதாக ஆக ஆக அது கொடுக்கும் அழுத்தம் கூடும், லைன் வெடிக்கும் அல்லது கட்டி உள்ளே பறக்கும். பத்து மில்லி சிரிஞ்ச் மட்டும். முதலில் கிளாம்ப் திறந்திருக்கிறதா, தையல் லைனை நெரிக்கிறதா, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தால் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து என்ன மருந்து ஓடியது என்று கேளுங்கள்: ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸோடு விட்டார்களா, செஃப்ட்ரையாக்சோனை கால்சியத்தோடு விட்டார்களா? படிந்த மருந்தைக் கட்டி கரைக்கும் மருந்து கரைக்காது. ரத்தம்தான் என்றால் ஆல்டெப்ளேஸ்: 30 கிலோவுக்கு மேல் 2 மில்லிகிராம், அதற்குக் கீழே லூமனின் கொள்ளளவில் 110 சதவீதம், 2 மில்லிகிராமைத் தாண்டாமல். அரை மணியில் ஒரு தடவை, இரண்டு மணியில் ஒரு தடவை உறிஞ்சிப் பாருங்கள்.

குழந்தைகளின் சிரையில் ரத்தம் கட்டுவதற்குத் தலையாய காரணமே சென்ட்ரல் லைன்தான். ஒரு கால் மட்டும் தடித்து நிறம் மாறுவது, முகமும் கழுத்தும் காலையில் வீங்கியிருப்பது, மார்பில் புதிதாகச் சிரைகள் தெரிவது, லைன் அடிக்கடி அடைப்பது, இவைதான் அறிகுறிகள். இரண்டு தொடையின் சுற்றளவையும் தினமும் டேப் வைத்து அளந்து எழுதச் சொன்னால் நர்ஸ்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் டாப்ளருக்கு முன்பே அந்த டேப் காட்டிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். உறுதியானால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபாரின்: இரண்டு மாதத்துக்கு மேல் கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதற்குக் கீழே 1.5, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ஆன்டி-டென்-ஏ (மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு பார்த்து, ரத்தநோய் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. லைன் தேவைப்பட்டு வேலையும் செய்தால் வைத்துக்கொள்ளலாம். தேவையில்லை என்றால் மருந்து சில நாள் ஓடிய பிறகு எடுப்பதையே பலரும் விரும்புகிறார்கள்.

படி 10: எடுப்பது

தினமும் காலை ரவுண்ட்ஸில் "இன்று இந்த லைன் எதற்கு?" என்று ஒருவர் கேட்க வேண்டும். "வேறு லைன் கிடைக்காது சார்" என்ற பதில் வந்தால், அங்கேயே ஒரு பெரிஃபெரல் லைன் முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது குழந்தை படுத்திருக்க வேண்டும், அம்மா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடாது, காற்று ஏறுவது இங்கேயும் நடக்கும். கையில் போட்ட பிக் லைன் சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான துணி ஒற்றி, கையை அசைத்து, சில மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். பலமாக இழுத்தால் அறுந்து, துண்டு இதயத்துக்குப் போகும், பிறகு கார்டியாலஜிஸ்ட் கண்ணி போட்டு எடுக்க வேண்டியிருக்கும். லைன் வெளியே வந்ததும் குறைந்தது ஐந்து நிமிடம் அழுத்தி, காற்றுப் புகாத டிரஸ்ஸிங் போட்டு, அரை மணி நேரம் படுக்க வையுங்கள். எடுத்த லைனை உடனே குப்பையில் போடாமல் வெளிச்சத்தில் பிடித்து முனை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள், போட்டபோது எழுதிய நீளத்தோடு ஒப்பிடுங்கள், இரண்டையும் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு குறித்துவையுங்கள்.